‘இதர’ என்ற கட்டத்தில் இருப்பவர்கள்

சென்னைப் பெருநகரின் போக்குவரத்தைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் கணக்கெடுப்புக்காக வந்தார். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வண்டி, வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார். “போகும்போது ஷேர் ஆட்டோ. நைட் ஷிஃப்ட் இருந்தால் ஆப்பில் ஆட்டோ. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனால் ஆப்பில் கார்” என்றேன். அவர் கையில் இருந்த டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பஸ், ரயில், மெட்ரோ, டூவீலர், கார், சைக்கிள், நடை எல்லாம் அதில் இருந்தன. நான் சொன்ன எதுவும் இல்லை. “இதரன்னு போட்டுக்கறேன் மேடம். ஒண்ணுதான் போட முடியும்” என்றார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவரிடம் கொடுத்தனுப்பிய படிவம் அப்படி.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, எங்கள் மேடவாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் தடுப்பு வைத்திருந்தார்கள். இனிமேல் இங்கே ஆள் ஏற்றக் கூடாது என்று ஆட்டோக்களை அனுப்பிவிட்டார்கள். நெரிசல் என்று காரணம் சொன்னார்கள். நெரிசல் இருப்பது உண்மைதான். மெட்ரோ வேலைக்காகச் சாலை பாதியாகக் குறுகியிருக்கிறது, இருக்கும் பாதியில் எல்லாரும் போக வேண்டும். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு அந்த இடத்தில் வந்து நிற்கும் முப்பது நாற்பது பெண்கள் இனி எப்படி வேலைக்குப் போவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்பதே எந்தத் தாளிலும் இல்லையே, எப்படிக் கேட்பார்கள்?

இந்த இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால்தான் இதை எழுதுகிறேன். யார் போகிறார்கள் என்று எண்ணாமலேயே எதை நிறுத்தலாம், எதை விடலாம், என்ன கட்டணம் என்று முடிவு செய்கிறீர்கள். ஆப்பில் வண்டி பிடிப்பவர் என்றால் ஐ.டி. கம்பெனி இளைஞர், கையில் காசு இருப்பவர், அவரைப் பற்றி அரசு கவலைப்படத் தேவையில்லை. ஷேர் ஆட்டோ என்றால் சாலையை அடைக்கும் தொல்லை. நான் போய் உட்கார்ந்த கூட்டங்களில் இந்த இரண்டு பேச்சையும் மேடையிலிருந்தே கேட்டிருக்கிறேன். இரண்டும் தவறு என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

நான் பதினாறு வருடமாக டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். வீடு மேடவாக்கம், வேலை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம். எங்களிடம் சொந்த வண்டி கிடையாது.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில்தான் பெரும்பாக்கம் குடியிருப்புகள் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். துரைப்பாக்கம் பக்கம் இருக்கும் கண்ணகி நகர் அதற்கும் முந்தியது. அங்கே 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். என்னோடு ஷேர் ஆட்டோவில் வரும் அக்கா ஒருவர் முன்பு சைதாப்பேட்டையில் இருந்தவர். அங்கே இருந்தவரை வேலை செய்யும் வீடுகளுக்கு நடந்தே போய்வந்தார். இப்போது மூன்று வீட்டில் வேலை. முதல் வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் என்பதால் ஆறரைக்குள் அவர் அங்கே இருக்க வேண்டும்.

சாதாரணக் கட்டணப் பேருந்தில், அதாவது ஒயிட்போர்டு பஸ்ஸில், பெண்கள் காசு கொடுக்க வேண்டாம் என்று 2021 மே மாதம் அறிவித்தீர்கள். அந்தத் திட்டத்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் அந்த மிச்சத்தில்தான் பிள்ளைகளுக்கு டியூஷன் கட்டுகிறார்கள். ஆனால் விடியற்காலையில் ஒயிட்போர்டு பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் தாமதமானால் முதல் வீட்டில் முகம் மாறும். அடிக்கடி தாமதமானால் ஆளை மாற்றிவிடுவார்கள். அதனால் அந்த அக்கா போக இருபது, வர இருபது என்று கொடுத்து ஷேர் ஆட்டோவில் போகிறார். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பஸ் இலவசமாக இருக்கும் ஊரில், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் இவ்வளவு காசை ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். அவர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் ஒன்று தருவார், அவர் கணக்கில் வந்துவிடுவார். ஷேர் ஆட்டோவில் கால் வைத்த நிமிடமே கணக்கிலிருந்து போய்விடுகிறார். அந்த நேரத்து பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று உங்கள் தாளில் தெரியும். கூட்டம் இல்லாத நேரத்துக்கு பஸ் எதற்கு என்று அடுத்த முடிவு வரும். பஸ் குறையக் குறைய இன்னும் நாலு பெண்கள் ஷேர் ஆட்டோவுக்கு வருவார்கள். இதை நான் பல வருடமாக அந்த நிறுத்தத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதே வண்டியில் இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் செக்யூரிட்டிகள் வருவார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வருவார்கள். மீன் கூடையோடு ஒரு பாட்டி வருவார். அந்தக் கூடையை பஸ்ஸில் ஏற்ற எத்தனை பேச்சுக் கேட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டட வேலை பார்க்கும் பையன்களுக்கு எந்த நம்பர் பஸ் எங்கே போகும் என்று தெரியாது. ஓட்டுநர் ‘சோளிங்கநல்லூர், சோளிங்கநல்லூர்’ என்று கூவுவது போதும், ஏறிவிடுவார்கள்.

இவர்களில் யாரிடமும் ஆப் இல்லை, பெயர் பதிவு இல்லை, ரசீது இல்லை. தடுப்பு வைத்த பிறகு ஆட்டோக்கள் ஒன்றும் காணாமல் போகவில்லை. சந்திப்பைத் தாண்டி விளக்கு இல்லாத ஓர் இடத்தில் போய் நிற்கின்றன. ஐந்தரை மணி இருட்டில் பெண்கள் சாலையோரமாக அதுவரை நடக்கிறார்கள். அங்கே நடைபாதையும் கிடையாது. லாரி போகும்போது ஒதுங்க இடமில்லை.

அடுத்து என் நோயாளிகள்.

டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். மாதத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை வந்து போக வேண்டும், உயிர் இருக்கும்வரை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம் என்பது எங்கள் நோயாளிகள் பலருக்குப் பெரிய விடுதலை. ஆனால் அந்தப் படுக்கைவரை வந்து சேர்வதற்கும் திரும்பிப் போவதற்கும் யாரும் காசு தருவதில்லை. டயாலிசிஸ் முடிந்து எழும்போது பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும், கால் துவளும். ஊசி குத்திய கையில் கட்டு இருக்கும், அந்தக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்க முடியாது. இவர்களைப் பார்த்து ‘பஸ்ஸில் போகலாமே’ என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எங்களிடம் வரும் பெரியவர் ஒருவருக்கு எழுபத்து நாலு வயது. மனைவி இல்லை. மகன் புனேயில் வேலை பார்க்கிறார். அங்கிருந்தே மகன் ஆட்டோ புக் செய்வார். ஓடிபி மகனுடைய போனுக்கு வரும். மகன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காது மந்தம். ஓட்டுநர் அந்த நேரத்தில் மகனைக் கூப்பிட்டு எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார், புனேயில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இந்தக் குழப்பத்தில் ரைடு கேன்சல் ஆகிவிடும். ஒருநாள் மூன்றாவது வண்டியும் கேன்சல் ஆனபோது பெரியவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் என் போனில் புக் செய்து ஏற்றி அனுப்பினேன். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எங்கள் பிரிவில் எல்லா சிஸ்டர்களும் இதைச் செய்கிறோம். “சிஸ்டர், ஒரு வண்டி போட்டுக் குடும்மா” என்று கேட்காத நாள் இல்லை.

அந்தப் பயணங்கள் எல்லாம் நிறுவனத்தின் கணக்கில் யார் பெயரில் இருக்கும்? என் பெயரில். ஸ்மார்ட்போன் வைத்திருக்கும், சம்பளம் வாங்கும், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி மதிய நேரத்தில் ஊரெல்லாம் சுற்றியதாகத்தான் அங்கே பதிந்திருக்கும். புனேயில் இருக்கும் மகன் சென்னையில் மாதம் இருபது முறை ஆட்டோவில் போனதாக இருக்கும். ஆப்பில் வண்டி பிடிப்பவர்கள் இளைஞர்கள், வசதியானவர்கள் என்று யாராவது உங்களுக்குப் படம் போட்டுக் காட்டினால், தயவுசெய்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது போனை வைத்திருப்பவரின் வயதா, வண்டியில் உட்கார்ந்தவரின் வயதா? எங்கள் மருத்துவமனை வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். இறங்குபவர்களில் கைத்தடி வைத்தவர்களும், வாக்கரைப் பின்னால் செருகிக்கொண்டு வந்தவர்களும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமியாரோடு வரும் கர்ப்பிணிகளும்தான் அதிகம்.

வசதி இல்லாதவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு வருமானம் என்றால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, அப்புறம் மகள் கொடுப்பது. வரும்போது ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவார். போகும்போது முடியாது, தனி ஆட்டோ வேண்டும். கையில் காசு தீர்ந்துவிட்டால் ஒரு முறை வராமல் இருந்துவிடுவார். அடுத்த முறை வரும்போது கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். ஏன் வரவில்லை என்று கேட்டால், “ஆட்டோக்குக் காசு இல்லம்மா” என்பார். அரசு பணம் கட்டி வைத்திருக்கும் படுக்கை அன்று காலியாகக் கிடந்திருக்கும். தடுப்பு வைத்த நாளிலிருந்து அவர் ஷேர் ஆட்டோவுக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை விட்டுவிட்டார்.

ஆட்டோக்காரர்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டு இந்தப் பேச்சை முடிக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவரே ஆட்டோ ஓட்டுகிறார். ‘மூணு கிலோமீட்டர் காலியா வந்து ஏத்தணும்க்கா, அதுக்கு எவன் காசு தரான்?’ என்று கேட்பார். அவர் கேன்சல் செய்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிக் காரணம் கட்டணம். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அப்போது அட்டை அச்சடித்து எல்லா ஆட்டோவிலும் ஒட்டினார்கள். ஜிபிஎஸ் வைத்த மின்னணு மீட்டர் இலவசமாகத் தரப்படும் என்றும் அறிவித்தார்கள். அந்த மீட்டரை நான் எந்த ஆட்டோவிலும் பார்த்ததில்லை. பதினோரு வருடத்துக்கு மேல் அந்த விலையை அப்படியே விட்டதால், 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்துக்கொண்டன. அது செல்லாது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள்.

என் நோயாளி ஒருவர் ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். 2013 கணக்கில் 87 ரூபாய் சொச்சம். சங்கங்கள் சொன்ன கணக்கில் 143 ரூபாய் சொச்சம். காலை ஒன்பது மணிக்கு ஆப்பில் காட்டுவது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. வண்டி வந்து நின்றதும் “ஆப்ல வர்றது கட்டுப்படி ஆகாது, மேல முப்பது போட்டுக் குடுங்க” என்பது தனி. பல ஆப்களில் இப்போது ஆட்டோ ஓட்டுநர் கமிஷன் கொடுப்பதில்லை, நாள் கட்டணமாக ஒரு தொகை கட்டிவிடுகிறார். அவருக்கு அது நல்லதுதான். ஆனால் திரையில் தெரியும் தொகைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். ஊசி குத்திய கையோடு நிற்பவர் அங்கே பேரம் பேச முடியாது, கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏறுகிறார்.

2025 ஜூலையில் ஆப் வண்டிகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் இரண்டு மடங்குவரை வாங்கலாம், எந்த நேரத்திலும் அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. அடிப்படைக் கட்டணம் என்பது மாநில அரசு அறிவிப்பது. அப்படியென்றால் எல்லாமே நீங்கள் எழுதும் அந்த ஓர் எண்ணில் தொங்குகிறது. அந்த எண் பழையதாகக் கிடந்தால் உச்சவரம்பு என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. ஓட்டுநரும் அதை மதிக்க மாட்டார், பயணியும் அதைக் காட்டிக் கேட்க முடியாது.

இரவைப் பற்றிக் கொஞ்சம். கடைசி மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் முடிகிறது. பஸ் அதற்கு முன்பே குறைந்துவிடும். ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு இரவுக் கட்டணம் தொடங்குவதும் அதே 11 மணிக்குத்தான், காலை 5 மணிவரை. வேறு வழி எதுவும் இல்லாத நேரத்தில்தான் சட்டப்படியே விலை ஏறுகிறது. அந்த நேரத்தில் சாலையில் இருப்பவர் யார்? ஷிஃப்ட் மாறும் செவிலியர், சூப்பர் மார்க்கெட்டில் கணக்கை முடித்துவிட்டு இறங்கும் பெண், ஹோட்டல் சமையல்கட்டிலிருந்து வருபவர். கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று 2019இல் உத்தரவு வந்தபோது, இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த ஏற்பாடு எனக்குத் தெரிந்த கடைப் பெண்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓர் ஆட்டோ பிடிக்கிறார்கள். கடைசியாக இறங்குபவள் வீடு போய்ச் சேர்ந்து மெசேஜ் போடும்வரை மற்றவர்கள் தூங்குவதில்லை. 2025 மகளிர் தினத்தன்று பெண்கள் ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோக்களைத் தொடங்கி வைத்தது நல்ல காரியம். ஆனால் இவ்வளவு பெரிய ஊருக்கு அது ஒரு கைப்பிடி.

கண்ணகி நகர் என்று இறங்குமிடம் போட்டால் இரவில் வண்டி வராது. ஒன்று கேன்சல் ஆகும், இல்லையென்றால் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார்கள். எங்கள் பயிற்சிச் செவிலியர் ஒருத்தி அதனால் வேறு தெருப் பெயர் போட்டு இறங்கி நடக்கிறாள். ஊர்ப் பெயரைப் பார்த்து ஒரு பெண்ணை இருட்டில் இறக்கிவிடுவது இன்றுவரை நிற்கவில்லை. அவளே பகலில் பைக் டாக்சியில் வருகிறாள், அதற்கு ஆட்டோ காசில் பாதிதான். 2024 டிசம்பரில் பைக் டாக்சிகளைச் சோதனையிடச் சொல்லி உத்தரவு போட்டீர்கள். வெள்ளை நம்பர் பலகை வண்டி வாடகைக்கு ஓடக் கூடாது என்பது சரி, விபத்து நடந்தால் பின்னால் இருப்பவருக்குக் காப்பீடு கிடைப்பது சிக்கல் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சோதனை போட்டவர்கள் அவளிடம் ஏன் இதில் வருகிறாய் என்று கேட்டிருந்தால், ஒரு மாதச் சம்பளக் கணக்கையே காட்டியிருப்பாள்.

ஆப்பில் காரைப் பகிர்ந்துகொண்டு போகும் வசதியும் ஒரு காலத்தில் இருந்தது. சோழிங்கநல்லூர் பக்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகள் அதில்தான் போவார்கள், ஓர் இருக்கைக்கு மட்டும் காசு கொடுத்து. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் அதை நான் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் கடனில் ஸ்கூட்டர் வாங்கிவிட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்று பேர் போகும் வண்டியில் ஏழு பேர் போகிறோம். ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்காருகிறார்கள். போன வருடம் வண்டி சாய்ந்து, என்னோடு வரும் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. வண்டியில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்ற கேள்வி வந்ததும் நஷ்டஈடு வேண்டாம் என்று விலகிக்கொண்டார், ஓட்டுநரும் அதே குடியிருப்புக்காரர். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒருவரோ ஒரு குழுவோ மொத்தமாக வாடகை பேசிப் போவதற்குத்தான் ஆட்டோவுக்கு அனுமதி. வழியில் ஆள் ஏற்றி, ஆள் இறக்கி, ஒவ்வொருவரிடமும் தனியாகக் காசு வாங்க பஸ் மாதிரி வேறு அனுமதி வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக ஊரே இதில் போய்க்கொண்டிருக்கிறது, சட்டத்தின் கண்ணில் மட்டும் இப்படி ஒரு வண்டியே இல்லை. அதனால்தான் அதற்கு நிறுத்தம் கட்ட முடியவில்லை, இருக்கை எண்ணிக்கையைச் சொல்ல முடியவில்லை, விலைப் பலகை வைக்க முடியவில்லை. விரட்ட மட்டும்தான் முடிகிறது. நான் கேட்கும் பாதுகாப்பு அதற்குப் பெயர் வைத்து அனுமதி கொடுத்தால்தான் வரும்.

2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ ஆப் வந்தபோது சந்தோஷப்பட்டேன். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட், ஆட்டோவும் காரும் பிடிக்கலாம். ஷேர் ஆட்டோ அதில் இல்லை. நாளைக்கு மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் மெட்ரோ வரும்போது, ஸ்டேஷன் வாசலுக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்க்கப் போவது எது? இன்று தடுப்பு வைத்து விரட்டிய இதே வண்டிகள்தான்.

நான் கேட்பது இவை.

முதலில், எங்கள் சந்திப்பில் எடுத்த இடத்தை உடனே திருப்பிக் கொடுங்கள். அங்கே முடியாது என்றால், நூறு மீட்டருக்குள் விளக்கும் நிழற்குடையும் உள்ள இன்னோர் இடத்தைத் தயார் செய்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். இனி எந்த ஷேர் ஆட்டோ நிறுத்தத்தை எடுப்பதாக இருந்தாலும், அங்கே நிற்பவர்களை ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை வெளியிட்ட பிறகே எடுக்க வேண்டும்.

கணக்கெடுப்புப் படிவத்தை மாற்றுங்கள். ஷேர் ஆட்டோ, ஆப் ஆட்டோ, ஆப் கார், பைக் டாக்சி நாலுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்டதில் போகிறவர் அத்தனையையும் சொல்ல இடம் வேண்டும். யார் புக் செய்தார், யார் போனார் என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல் வீட்டில் உள்ள பெண்களிடமும் முதியவர்களிடமும் கேளுங்கள். காலை ஐந்து மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் நிறுத்தங்களில் ஆள் வைத்து எண்ணுங்கள். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் நேரத்தில் இவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

ஷேர் ஆட்டோவுக்கென்று தனி அனுமதி கொண்டுவாருங்கள்: வழித்தடம், இருக்கை எண்ணிக்கை, வண்டியிலேயே எழுதிய கட்டணம், எல்லாப் பயணிக்கும் காப்பீடு. இப்போது ஓட்டுபவர்களுக்கே முதல் உரிமை கொடுங்கள்.

ஆட்டோ கட்டணத்தை ஓட்டுநர்களையும் பயணிகளையும் உட்காரவைத்துப் பேசி நிர்ணயித்து, வருடத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். வண்டி வந்து நின்ற பிறகு கூடுதல் காசு கேட்டால் ஆப் நிறுவனமே பதில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். மருத்துவமனைக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் போகும் பயணத்தில் கூட்ட நேர ஏற்றம் கூடாது.

எந்தப் பகுதியில், எந்த மணியில், எத்தனை பேர் வண்டி கேட்டார்கள், எத்தனை கேன்சல் ஆனது என்ற கணக்கைப் பெயரும் போன் எண்ணும் இல்லாமல் நிறுவனங்களிடமிருந்து மாதாமாதம் வாங்கி வெளியிடுங்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தனியாக வெளியிடுங்கள்.

போன் செய்தால் வண்டி அனுப்பும் எண் ஒன்று வேண்டும், ஓடிபி பார்க்கத் தெரியாதவர்களுக்காக. காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒவ்வொரு முறைக்கும் பயணப்படி கொடுக்கச் சுகாதாரத் துறையோடு பேசுங்கள். பைக் டாக்சிக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்: அனுமதி என்றால் காப்பீட்டோடும் வாடகைப் பதிவோடும் அனுமதியுங்கள். இல்லை என்றால் அதே காசுக்கு அந்தப் பெண் எதில் போவாள் என்று சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன் உங்களில் ஒருவர் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு மேடவாக்கம் சந்திப்புக்கு வர வேண்டும். அலுவலக வண்டியில் வராமல், எங்களோடு ஷேர் ஆட்டோவில் ஏறி சோழிங்கநல்லூர்வரை வர வேண்டும். எந்த நாள் என்று சொல்லுங்கள், நான் அங்கே நிற்கிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
மேடவாக்கம்